குறைத்தலும் மறைத்தலும்: பொட்டலப் பொருள்களின் அளவுச் சுருக்கம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

விலை ஏறுவதை மக்கள் உடனே அறிகின்றனர். அளவு இறங்குவதை அவ்வாறு அறிவதில்லை. ஐந்து ரூபாய்க்கு விற்ற பிஸ்கட் பொட்டலம் ஆறு ரூபாயானால் வீட்டிலும் கடையிலும் அதைப் பற்றிப் பேச்சு எழுகிறது. அதே பொட்டலம் ஐந்து ரூபாய்க்கே விற்கப்பட்டு, உள்ளிருக்கும் பிஸ்கட்டுகளில் ஒன்று குறையும்போது பேச்சு எழுவதில்லை. பொருளியல் நோக்கில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே நிகழ்வே. கொடுத்த காசுக்குக் கிடைக்கும் பொருள் குறைகிறது என்பதே இரண்டின் பயனும். அறவியல் நோக்கிலும் இவ்விரண்டும் ஒன்றுதானா என்பது தனியே ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவைக் கடினமாக்குவது ஒன்றுண்டு. அளவு குறைந்த பொட்டலத்தின் மேல் குறைந்த எடையே சரியாக அச்சிடப்பட்டிருக்கிறது. அங்கே பொய் எதுவும் எழுதப்படவில்லை. கள்ளத் தராசும் இல்லை. கள்ளப் படிக்கல்லும் இல்லை. ஆயினும் உண்மை தெரியவரும்போது வாங்கியவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறார். பொய் இல்லாத இடத்தில் ஏமாற்றம் எங்கிருந்து தோன்றுகிறது? இதற்கு விடை காணும் நோக்கில் அளவுச் சுருக்கத்தின் இயல்பு, அதற்குச் சார்பாகச் சொல்லப்படும் நியாயங்கள், மௌனம் குறித்த மேலை மெய்யியலாரின் வாதங்கள், வணிகம் பற்றிய தமிழ் மரபின் கருத்துகள் ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாக நோக்குகிறது.

அளவுச் சுருக்கத்தின் இயல்பு

இந்தியச் சந்தையில் அன்றாடப் பொருள்கள் பலவற்றின் விலையை நாணயமே தீர்மானிக்கிறது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்பன விலைப் படிகளாக நிலைத்துவிட்டன. மாவு, சர்க்கரை, பாமாயில் ஆகியவற்றின் விலை ஏறும்போது ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை ஐந்து ரூபாய் நாற்பது காசுக்கு விற்க இயலாது. ஆகவே விலை நிற்கிறது, எடை அசைகிறது. 2022ஆம் ஆண்டில் உக்ரைன் போரும், இந்தோனேசியா சில வாரங்கள் பாமாயில் ஏற்றுமதிக்கு விதித்த தடையும் மூலப்பொருள்களின் விலையை உயர்த்தியபோது இவ்வசைவு பல பொருள்களில் ஒருங்கே நிகழ்ந்தது. பாத்திரம் துலக்கும் விம் கட்டி 155 கிராமிலிருந்து 135 கிராமாகக் குறைந்தது அவ்வாண்டில் உலகச் செய்திகளில் எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டது.

இவ்வெடுத்துக்காட்டில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. 155 கிராமில் 20 கிராம் குறைந்தால் எடைக் குறைவு ஏறத்தாழ 12.9 விழுக்காடு. ஆனால் ஒரு கிராமுக்குக் கொடுக்கும் விலையின் ஏற்றம் 14.8 விழுக்காடாகும். குறைவை விழுக்காட்டில் சொல்லும்போது அது எப்பொழுதும் விலையேற்றத்தைவிடச் சிறியதாகவே தோன்றும். குறைவு பெரிதாகப் பெரிதாக இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியும் பெருகும். அளவு பாதியானால் குறைவு 50 விழுக்காடு. விலையேற்றமோ 100 விழுக்காடு.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2012 சனவரி முதல் 2017 சூன் வரையிலான காலத்தில் 2,529 பொருள்கள் அளவில் சுருங்கியதைக் கணக்கிட்டது. புள்ளியியலார் விலைக் குறியீட்டெண்ணைக் கணிக்கும்போது இச்சுருக்கத்தை விலையேற்றமாகவே கொண்டு திருத்திக்கொள்கின்றனர். அரசின் கணக்கேட்டுக்குத் தெரிகிற செய்தி, வீட்டுக் கணக்கு எழுதுபவருக்குத் தெரியாமல் போகிறது.

2016இல் பிரிட்டனில் டோப்லரோன் சாக்லேட் 170 கிராமிலிருந்து 150 கிராமாகக் குறைக்கப்பட்டபோது அதன் முக்கோணப் பற்களுக்கிடையே இடைவெளி அகன்றது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2018இல் பழைய வடிவம் மீண்டது. அதே காலப்பகுதியில் அளவு சுருங்கிய ஏனைய நூற்றுக்கணக்கான பொருள்கள் இத்தகைய எதிர்ப்பைச் சந்திக்கவில்லை. வடிவம் மாறியதால் அங்கே குறைவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மக்கள் குறைவை ஏற்கிறார்கள் என்று கொள்வதற்கில்லை. பல வேளைகளில் அவர்கள் அதைக் காண்பதில்லை என்பதே இதனால் பெறப்படுவதாகும்.

குறைத்தல் குற்றமா?

அளவைக் குறைத்தல் தன்னளவில் குற்றம் என்று முடிவு செய்துவிட இயலாது. சிறிய அளவு பல வேளைகளில் நன்மையாகவும் அமைந்திருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாகப் போற்றப்படுகிறார். முழுப் புட்டியை வாங்க இயலாத குடும்பங்கள் அன்றைய தேவைக்கு மட்டும் வாங்க அம்முறை வழி செய்தது. அங்கே அளவு சிறிது, விலையும் சிறிது. வாங்குபவர் தாம் பெறுவது சிறிய அளவு என்பதை அறிந்தே வாங்கினார்.

உணவகங்களில் பரிமாறும் அளவு குறித்தும் இத்தகைய நியாயம் சொல்லப்பட்டதுண்டு. உணவு வீணாவதைத் தடுக்க உணவகங்கள் ஒரு பரிமாறலின் அளவை முன்னரே தெரிவிக்க வேண்டும் என்ற கருத்தை 2017 ஏப்ரலில் அன்றைய நுகர்வோர் துறை அமைச்சர் இராம் விலாஸ் பாஸ்வான் முன்வைத்தார். தமிழ்நாட்டு உணவகப் பலகைகளில் காணும் ‘அளவுச் சாப்பாடு’ என்னும் தொடரும் இங்கு எண்ணத்தக்கது. வரம்பு உண்டு என்பதை அது பெயரிலேயே சொல்லிவிடுகிறது. உட்கார்ந்த பின் இரண்டாம் முறை சோறு கேட்டு ஏமாறுவார் எவருமில்லை.

ஒரே பெயர் வெவ்வேறு அளவைக் குறிப்பதும் புதுமையன்று. கௌடில்யரின் அருத்தசாத்திரம் துரோணம் என்னும் முகத்தலளவையை நால்வகையாகப் பகுக்கிறது. அரசு வருவாய்க்குரிய துரோணம் 200 பலம். வணிகத்துக்குரியது 187½ பலம். பணியாளர்க்கு வழங்குதற்குரியது 175 பலம். அந்தப்புர வழங்கலுக்குரியது 162½ பலம். பெயர் ஒன்று; அளவு நான்கு. வாங்கும் கையிலும் கொடுக்கும் கையிலும் அரசு வேறு வேறு துரோணங்களை வைத்திருந்தது என்பது நியாயமா என்பது வேறு வினா. ஆனால் எந்தத் துரோணம் எவ்வளவு என்பது நூலில் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளும் இவ்வகையில் நோக்கத்தக்கன. நெல்லின் அளவைக் கூறுமிடத்து அக்கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என அளவையின் பெயரையும் சேர்த்தே குறிக்கின்றன. எண் மட்டும் போதாது, எந்த மரக்கால் என்பதும் சொல்லப்பட வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் உண்டு.

இவற்றால் ஒன்று தெளிவாகிறது. அளவு சிறிதாயிருத்தலோ மாறுபடுதலோ குற்றத்தின் இடமன்று. அம்மாற்றம் மற்றவர்க்குச் சொல்லப்படுகிறதா என்பதே வினாவின் மையம்.

அச்சிட்ட எண் போதுமா?

விற்பவர் தரப்பின் வலிமையான நியாயம் இதுவே: நிகர எடை உறைமேல் அச்சிடப்பட்டிருக்கிறது, படிக்காதது வாங்கியவரின் கவனக்குறைவு. இந்தியச் சட்டமும் பெரிதும் இந்நிலையிலேயே நிற்கிறது. 1976ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டமும் அதன்கீழ் 1977இல் வந்த பொட்டலப் பொருள்கள் விதிகளும், பின்னர் அவற்றின் இடத்தில் வந்த 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் விதிகளும் நிகர அளவை அறிவிப்பதைக் கட்டாயமாக்கின. பிஸ்கட், ரொட்டி, தேநீர்த்தூள், சமையல் எண்ணெய், சோப்பு முதலிய பல பொருள்களுக்குக் குறித்த எடைகளை வரையறுக்கும் அட்டவணையும் அவ்விதிகளில் இருந்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் இவ்வட்டவணையை நீக்கியது. அதே திருத்தம் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை, அதாவது அலகு விலையை, உறைமேல் அச்சிட வேண்டும் என்றது. எந்த எடையிலும் விற்கும் உரிமையைப் பெற்ற வணிகர் அதற்கு ஈடாக ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொல்லக் கடமைப்பட்டார் எனலாம்.

அந்தச் சொல் எவ்வளவு பயன் தருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலங்களில் விலை ஒரு கிராமுக்கு இவ்வளவு என, ரூபாயில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டப்படுகிறது. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் 58 கிராம் இருந்தால் ஒரு கிராமின் விலை 0.0862 ரூபாய், அது 0.09 என அச்சாகும். அதே பொட்டலம் 53 கிராமாகச் சுருங்கினால் விலை 0.0943 ரூபாய், அதுவும் 0.09 என்றே அச்சாகும். உண்மை விலை 9 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருக்க, உறைமேலுள்ள அலகு விலை அசையாமல் நிற்கும். எண் பொய்யன்று, ஆயினும் அது எதற்காக வைக்கப்பட்டதோ அந்தப் பணியைச் செய்வதில்லை. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை நம்பி வாழ்பவருக்கே இவ்வறிவிப்பு மிகக் குறைவாகப் பயன்படுகிறது என்பது வருந்தத்தக்கது.

மொழியும் இங்கே ஒரு தடையாகும். கட்டாய அறிவிப்புகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்பது விதி. பிற மொழிகளில் கூடுதலாக எழுதத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. தமிழோ வங்காளமோ மலையாளமோ மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு எண் புரியும். எண்ணைச் சூழ்ந்த சொல் புரியாது.

இவற்றினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. உறைமேலுள்ள எண் இப்பொட்டலத்தின் நிலையைச் சொல்கிறது, மாற்றத்தைச் சொல்வதில்லை. ‘55 கிராம்’ என்பது உண்மை. நேற்றுவரை எத்தனை கிராம் இருந்தது என்பதும் உண்மையே, அது சொல்லப்படவில்லை. ஒரே கடையில் இரு வேறு பொருள்களை ஒப்பிடுபவர்க்கு நிலை பற்றிய உண்மை உதவும். பல்லாண்டுகளாக ஒரே பொருளை வாங்குபவர்க்கு மாற்றம் பற்றிய உண்மையே வேண்டும். பழைய உறை குப்பைக்குப் போயிருக்கும். ஒப்பிட அவர் கையில் எதுவும் இல்லை.

படிக்காதது வாங்கியவரின் குறை என்னும் வாதம் இங்கேதான் வலுவிழக்கிறது. படிக்காமல் எடுக்கும் பழக்கத்தை உண்டாக்கியவர் யார்? வணிகப் பெயர் என்பதன் பொருளே ‘இது முன்போன்றதே, ஆராயாமல் எடுத்துக்கொள்ளலாம்’ என்னும் உறுதிமொழியாகும். அந்த நிறமும் படமும் எழுத்தும் பல்லாண்டு மாறாமல் காக்கப்படுவது அதற்காகவே. விளம்பரத்துக்குச் செலவிடப்படும் பெரும் பொருள் இந்த நம்பிக்கையை விதைப்பதற்கே செலவாகிறது. பிறரிடத்தில் ஒரு நம்பிக்கையைத் தானே வளர்த்தவர், அது பொய்க்கும் நாளில் அதைச் சொல்லும் கடமையையும் உடையவராகிறார்.

மௌனம் பற்றிய இரு வாதங்கள்

சொல்லாமை எப்போது ஏமாற்றாகிறது என்பது பழைய வினா. உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதற்கு ஒரு வழக்கை எடுத்துக்காட்டுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்துடன் ஒரு வணிகன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் வேறு பல தானியக் கப்பல்களும் வருகின்றன என்பதை அவன் அறிவான். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? பாபிலோனிய டயோஜெனிஸ் சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும் என்றார். சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர், வாங்குபவர் அறிய வேண்டியது எதனையும் விற்பவர் தமக்குள் வைத்துக்கொள்ளலாகாது என்றார். சிசரோ இறுதியில் ஆண்டிபேட்டரின் பக்கமே நின்றார். எல்லா மௌனமும் மறைத்தலாகாது. ஒரு செய்தியை அறிவதால் நன்மை பெறக்கூடியவர் அறியாதிருக்க வேண்டும் என்று தன் ஆதாயத்துக்காக விரும்பி மௌனம் காப்பதே மறைத்தலாகும் என்பது அவர் கண்ட வரையறையின் சாரம்.

இவ்வரையறையின்படி அளவுச் சுருக்கம் ரோட்ஸ் வணிகனின் செயலினும் கடுமையானது. அவன் மறைத்தது பிறருடைய கப்பல்களைப் பற்றிய செய்தி. இங்கே மறைவது தான் விற்கும் பொருளில் தானே செய்த மாற்றம்.

செருமானிய மெய்யியலார் கான்ட் தம் அறவியல் விரிவுரைகளில் வேறொரு காட்சியைக் காட்டுகிறார். ஒருவர் தம் பெட்டியைக் கட்டுகிறார். காண்பவர் அவர் பயணம் போகிறார் என்று தாமே எண்ணிக்கொள்கின்றனர். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய எண்ணத்தை அறிவிக்கும்படி கேட்கும் உரிமை காண்பவர்க்கு இல்லையாதலால் அவர் அவர்களுக்குத் தீங்கு செய்ததாகாது என்பது கான்ட்டின் கருத்து. பழைய உறைக்குள் குறைந்த பொருளை வைப்பதும் இத்தகைய பெட்டி கட்டலே எனச் சிலர் வாதிடக்கூடும். ஆனால் கான்ட்டின் விலக்கு, கேட்கும் உரிமை இல்லாத இடத்துக்கே பொருந்தும். வாங்குபவர்க்கு அவ்வுரிமை உண்டு. பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறிவிக்கப்பெறும் உரிமையை 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2019ஆம் ஆண்டின் சட்டமும் ஏற்றுள்ளன. முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரமாக 2019ஆம் ஆண்டின் சட்டம் கருதுகிறது. உரிமை உள்ள இடத்தில் மௌனம் தன் களங்கமின்மையை இழக்கிறது.

பகர்தல் என்னும் கடமை

தமிழ் மரபு இவ்வினாவை மொழியிலேயே தீர்த்து வைத்திருக்கிறது எனலாம். ‘பகர்தல்’ என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள். விற்றல் என்றும் பொருள். ‘பகர்நர்’ என்போர் விற்போர். விலையையும் பொருளையும் வாய்விட்டுக் கூறி விற்ற பழைய வணிக நடைமுறையே இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் இணைத்திருக்கக்கூடும். தோற்றம் எதுவாயினும், விற்பவர் சொல்பவராகவும் இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லில் உறைந்திருக்கிறது. அளவு குறைத்து வாய்மூடியிருக்கும் விற்பனை, இப்பொருளில், பாதிப் பகர்தலே.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடம் இங்கு நினைவுகூரத்தக்கது. அவர்கள் நுகத்தின் நடு ஆணி போன்ற நடுவுநிலை உடையவர்கள். பழிக்கு அஞ்சி மெய்யே பேசுபவர்கள். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப நோக்குபவர்கள். மிகுதியாகக் கொள்வதும் குறைவாகக் கொடுப்பதும் இல்லாதவர்கள். பண்டங்களைப் பகர்ந்து கொடுப்பவர்கள். மிகை கொள்ளாமையும் குறை கொடாமையும் கூறிய அளவில் புலவர் நிற்கவில்லை. பகர்ந்து கொடுத்தலும் அப்புகழின் உறுப்பாகிறது. அளவைக் காக்கும் நேர்மையும் அதனைச் சொல்லும் நேர்மையும் இங்கே அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.

திருக்குறளின் வாய்மை அதிகாரம் இதற்கு மேலும் ஆழம் சேர்க்கிறது. வள்ளுவர் வாய்மையை நிகழ்ந்ததைக் கூறுதல் என்று வரையறுக்கவில்லை. பிறர்க்குத் தீங்கு தராத சொல்லைச் சொல்லுதல் என்று வரையறுத்தார். உரையாசிரியர் பரிமேலழகரும் இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுகிறார். இவ்வரையறை பெரும்பாலும் நன்மை தரும் பொய்க்கு இடம் தருவதாகவே பேசப்படுகிறது. அதன் மறுபக்கம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தீங்கு தராத பொய் வாய்மையின் இடத்தைப் பெறலாம் எனின், தீங்கு தரும்படி அமைத்த உண்மை அவ்விடத்தை இழக்கும். உறையின் மூலையில் அச்சிட்ட சரியான எண், வாங்கியவர் அறியாதிருக்கும்படியே அமையுமாயின், அது உண்மையாயிருந்தும் வாய்மையாகாது. உண்மை உள்ளத்தையும் வாய்மை வாயையும் மெய்மை மெய்யையும் சார்ந்தவை எனப் பிரித்துணரும் மரபு வழக்கும் இவ்விடத்து உதவும். எண் சரியாயிருத்தல் ஒன்று. உறையின் வடிவும் தோற்றமும் அதே செய்தியைத் தருதல் வேறொன்று. பழைய பருமனையே காட்டி நிற்கும் உறை தன் மெய்யால் ஒன்றையும் எழுத்தால் மற்றொன்றையும் சொல்கிறது.

கூட்டும்போது ஒரு குரல்

மேற்கூறியவற்றை நடைமுறையில் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. அளவைக் கூட்டும்போது விற்பவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதே அது. ‘20 விழுக்காடு கூடுதல்’ என்னும் அறிவிப்பு உறையின் முகப்பில், பெரிய எழுத்தில், வேறு நிறத்தில் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது, ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களின் விலையைக் குறைப்பதற்கு மாறாக எடையைக் கூட்டுவதாக நிறுவனங்கள் பல முன்வந்து அறிவித்தன. நாணய விலை என்னும் அதே கட்டுப்பாடு இருமுனையிலும் செயற்படுவதை இந்நிகழ்வு காட்டியது. கூட்டுதல் செய்தியாயிற்று. குறைத்த நாள்களில் அத்தகைய அறிவிப்பு பொதுவாக எழுந்ததில்லை.

எடையில் நேரும் மாற்றம் வாங்குபவர்க்கு முக்கியமான செய்தி என்பதை விற்பவரே கூட்டும்போது ஒப்புக்கொள்கிறார். உறையின் மூலையில் உள்ள எண் மட்டும் போதுமென அவர் அப்போது கருதுவதில்லை. போதுமாயின் முகப்பில் பெரிய எழுத்துக்குத் தேவை இராது. ஆகவே, அச்சிட்ட எண்ணே போதிய அறிவிப்பு என்னும் வாதத்தை விற்பவரின் செயலே மறுத்துவிடுகிறது. குற்றம் நிற்குமிடம் இந்தச் சமனின்மையே: கொடுப்பதைக் கூவிச் சொல்லி, எடுப்பதை வாங்குபவர் தாமே கண்டுபிடிக்கட்டும் என்று விடுதல். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வணிகர்க்கு வகுத்த நெறி பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலாகும். தமக்கு வரும் மூலப்பொருளில் எடை குறைந்தால் அந்நிறுவனம் அதைச் சொல்லாமல் ஏற்குமா என்று கேட்டால் இந்நெறியின் கூர்மை விளங்கும்.

சில மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு ஏழைகளின் பெயரால் எழுகிறது. ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஏழு ரூபாயானால், கையில் ஐந்து ரூபாய் மட்டும் உள்ளவர் அதை வாங்கவே முடியாது. எடையைக் குறைத்தல் அவருக்குச் செய்யும் உதவி என்பர். இதில் உண்மை உண்டு. ஆனால் இது குறைத்தலுக்கான நியாயமே, சொல்லாமைக்கான நியாயமன்று. உதவி என்று கருதப்படுவது உதவி பெறுபவரிடம் மறைக்கப்பட வேண்டிய காரணமில்லை. அன்றாடக் கூலியில் வீட்டை நடத்துபவர்க்கு ஒரு பொட்டலம் எத்தனை பிள்ளைகளுக்குப் போதும் என்னும் கணக்கு முக்கியமானது. அவர்தம் கணக்கைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை மௌனம் பறித்துவிடுகிறது.

இரண்டாம் மறுப்பு: குறைவது மூன்று நான்கு கிராம், அதற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா? ஒவ்வொரு படியும் சிறிதே. ஆனால் ஒரு படி மறக்கப்பட்ட பின் அடுத்த படி வருகிறது. புதிய அளவே அப்போது பழைய அளவாகிவிடுகிறது. மேலும், குறைக்கும் அளவு புலனுக்கு எட்டாதவாறு தேர்ந்தெடுக்கப்படுமாயின் அச்சிறுமையே நோக்கத்துக்குச் சான்றாகிவிடும். சிறிது என்பதால் சொல்லத் தேவையில்லை எனின், சிறிது என்பதால் சொல்வதில் இழப்பும் இல்லை.

மூன்றாம் மறுப்பு நேர்மையானது. ஒரு நிறுவனம் மட்டும் தன் குறைவை அறிவித்து, பிறர் வாய்மூடியிருந்தால், நேர்மையாளரே சந்தையில் இழப்பார். தனிமனித அறத்தால் மட்டும் தீராத இச்சிக்கலுக்குப் பொதுவிதி ஒன்றே வழி. அத்தகைய விதி இயலாததன்று. பிரேசில் 2002ஆம் ஆண்டிலேயே அளவுக் குறைவை உறைமேல் அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021இல் அவ்வறிவிப்பு குறைந்தது ஆறு மாதங்கள் நீடிக்க வேண்டும் என்றது. பிரான்சு 2024 சூலை முதல் பெரிய கடைகள் குறைந்த பொருளின் அருகே இரண்டு மாதங்கள் அறிவிப்பு வைக்க வேண்டும் என்றது. தென்கொரியாவும் 2024 ஆகஸ்டு முதல் அறிவிப்பைக் கட்டாயமாக்கியது. இந்நாடுகள் எவையும் குறைத்தலைத் தடுக்கவில்லை. பகர்தலை மட்டுமே கேட்டன.

உணவகத் தட்டு

துரித உணவகங்களிலும் தெருவோர உணவுக் கடைகளிலும் நிலைமை சற்று வேறுபட்டது. தட்டில் வரும் உணவுக்கு உறையும் இல்லை. அச்சிட்ட எடையும் இல்லை. வடமாநில உணவகங்களில் வழங்கும் ‘முழுத் தட்டு’, ‘அரைத் தட்டு’ என்னும் அளவைகளுக்கு வரையறை கிடையாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளையுடைய உணவகங்கள் உணவுப் பட்டியலில் ஒரு பரிமாறலின் அளவையும் அதன் கலோரியையும் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. உடல்நலம் கருதி வந்த இவ்விதி அளவையும் வெளிப்படுத்தும் வாயிலாக அமைகிறது.

சிறு கடைக்கு இவ்விதி இல்லை. ஆனால் அங்கே வேறொரு காப்பு உண்டு. இட்லி சிறுத்துவிட்டது என்றோ சமோசா மெலிந்துவிட்டது என்றோ உண்பவர் கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லலாம். அவரும் எண்ணெய் விலையைச் சொல்லி விடை தரலாம். இழப்பு அங்கேயும் உண்டு; ஆனால் அது இருவரும் அறிந்த இழப்பு. தராசின் முள்ளைப் பார்த்து வாங்கிய பழைய மளிகைக் கடையிலும் இப்பேச்சு இருந்தது. கொசுறு கேட்கும் உரிமையும் இருந்தது. பொட்டலம் இப்பேச்சை நீக்கிவிட்டது. பேச்சு நீங்கிய இடத்தில் எழுத்தேனும் அதைச் செய்ய வேண்டும்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். அளவைக் குறைத்தல் தன்னளவில் அறக்கேடு அன்று. மூலப்பொருளின் விலையேற்றமும் நாணய விலையின் கட்டுப்பாடும் அதற்கு உண்மையான காரணங்களாகலாம். பொட்டலத்தின் நிலையைச் சொல்லும் எண், அதன் மாற்றத்தைச் சொல்வதில்லை. தன் பெயரை நம்பி ஆராயாமல் வாங்கும் பழக்கத்தை வளர்த்த விற்பவர்க்கு மாற்றத்தைச் சொல்லும் கடமை உண்டு. அறிவிக்கப்பெறும் உரிமை உடையவரிடத்துத் தன் ஆதாயத்துக்காகக் காக்கும் மௌனம் மறைத்தலாகும். கூட்டியதை முகப்பில் சொல்பவர் குறைத்ததையும் அம்முகப்பிலேயே, அதே எழுத்தில், வாங்குபவரின் மொழியில் சொல்லுதல் நடுவுநிலைமையின் குறைந்தபட்சத் தேவையாகும்.

சில கிராம் பிஸ்கட்டின் இழப்பைப் பெரிதென்று எவரும் கொள்ளமாட்டார். ஆனால் அச்சிட்டதைப் படித்தும் நம்ப இயலாது, பழகியதைப் பார்த்தும் நம்ப இயலாது என்னும் நிலைக்கு மக்கள் வந்துவிடுவார்களாயின், அந்த இழப்பை எந்த நிறுவனமும் எடையைக் கூட்டி ஈடுசெய்ய இயலாது. வணிகம் பொருளால் நடப்பதுபோலவே சொல்லாலும் நடக்கிறது. விற்றலுக்கும் சொல்லுதலுக்கும் ஒரே சொல்லை வைத்த மொழியில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.